தாள்கள் இல்லாத தலைவர்: எஸ். ஏ. கணபதியும் மலாயா இடதுசாரி இயக்கத்தின் சில்லறை ஆவணங்களும்

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியார் தாள்களுக்கென ஒரு வரிசை உண்டு. அதில் 13ஆம் எண் கொண்ட தொகுப்பு மலாக்காவின் செல்வக் குடும்பத்தில் பிறந்த டான் செங் லோக் அவர்களுடையது. கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், செய்தித்தாள் நறுக்குகள், அச்சிட்ட அறிக்கைகள் எனப் பல்லாண்டுக் காலத் தாள்கள் அதில் முறையாக அடுக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரிலுள்ள தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்திலும் அவருடைய தாள்களின் ஒரு பகுதி பேணப்படுகிறது. 1947ஆம் ஆண்டில் அவர் தலைமையேற்ற அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றத்தில் மிகப் பெரிய உறுப்பமைப்பாக விளங்கியது அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம். அச்சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர் எஸ். ஏ. கணபதி. அவர் பெயரில் இத்தகைய தொகுப்பு ஒன்றை நாம் எந்தக் காப்பகத்திலும் கண்டதில்லை.

ஒரே மேடையில் நின்ற இருவருள் ஒருவருடைய தாள்கள் பெட்டி பெட்டியாக இருக்க, மற்றவருடையவை இல்லாமற் போனமைக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. தாள்கள் இல்லாத ஒருவரை வரலாற்றில் எவ்வாறு எழுதுவது, அவரைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த தாள்களை எவ்வளவு நம்புவது என்பது இரண்டாம் வினா. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மலாயாத் தமிழர் வரலாற்றைக் கற்பிப்போர் இவ்விரண்டையும் எதிர்கொள்ளாமல் இருக்க இயலாது.

கணபதியின் வாழ்க்கை பலரும் அறிந்ததே. ஆதலின் சுருக்கமாகக் கூறுவோம். தமிழ்நாட்டில் தஞ்சை மாவட்டப் பகுதியில் பிறந்து, இளமையிலேயே இங்கு வந்தவர். ஜப்பானியர் காலத்தில் இந்தியத் தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப் பின் தொழிற்சங்க இயக்கத்தில் ஈடுபட்டு, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தனக்குரியவர்களாகக் கூறிக்கொண்ட சம்மேளனத்தின் தலைவர் பொறுப்புக்கு உயர்ந்தார். 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டாக இணையலாம், நிருவாகிகள் அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதிகள் வந்தன. சம்மேளனம் பதிவை இழந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஜூன் 16ஆம் நாள் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1949 மார்ச்சில் கணபதி ரவாங் பகுதியில் கைத்துப்பாக்கியுடன் கைது செய்யப்பட்டார். அம்மாதத்திலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது. மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள், அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிடிபட்டதிலிருந்து தூக்குமேடை வரை ஏறத்தாழ இரண்டே மாதங்கள். ஒருவர் தம் தாள்களை ஒழுங்குபடுத்தவோ நம்பிக்கையானவரிடம் ஒப்படைக்கவோ இக்கால அளவு போதாது. எனினும் காலக்குறுக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்தல் பொருந்தாது. தாள் வைத்திருத்தலே குற்றமாகிய சூழலை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

1948 ஜூலையில் வெளியான அவசரகால விதிகள் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை விதித்தன என்பதை எல்லாரும் அறிவர். அதே விதித் தொகுப்பு, அரசை எதிர்க்கும் நோக்குடைய ஆவணத்தை உடைமையாக வைத்திருப்பதையும் சிறைக்குரிய குற்றமாக்கியது என்பதை நம் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அதே ஆண்டில் தேச நிந்தனைச் சட்டமும் அச்சகங்களுக்கான சட்டமும் வந்தன. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரமும் நாடுகடத்தும் அதிகாரமும் உடனிருந்தன. நேற்றுவரை வெளிப்படையாகப் பதிவுபெற்றிருந்த சங்கத்தின் சந்தாச் சீட்டு, மே தினத் துண்டறிக்கை, கூட்ட அழைப்பு ஆகியவை ஒரே திங்களில் சான்றுப்பொருளாக மாறின. அவற்றை வைத்திருந்தவர் குற்றவாளி ஆகாவிடினும், ஐயத்துக்குரியவர் ஆவார் என்பது உறுதி. தோட்டத்து லயத்தில் ஒரே அறையும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டு வாழ்ந்த குடும்பம் என்ன செய்திருக்கும்? அடுப்பு அருகில்தானே இருந்தது.

பின்னர் 1950ஆம் ஆண்டு முதல் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்ப் பல தோட்டங்களின் லயங்கள் கம்பிவேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. வாயிலில் சோதனை, வீட்டில் சோதனை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது குடும்பங்கள் மீண்டும் இடம்பெயர்ந்தன. இவை யாவற்றையும் கடந்த தாளைக் கறையானும் ஈரக்காற்றும் விட்டுவைக்கவில்லை. போருக்குப் பிந்திய செய்தித்தாள் காகிதம் மிகவும் தரம் குறைந்தது. கையால் எழுதி மெழுகுத் தாளில் உருட்டி எடுத்த சைக்ளோஸ்டைல் அறிக்கைகளின் மையும் விரைவில் மங்குவது. தமிழ்த் தட்டச்சுப் பொறி அரிதாயிருந்த காலத்தில் தமிழ் அறிக்கைகள் பலவும் இவ்வழியிலேயே பெருகின என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புலனாகும்.

தாள்களை எரித்தோர் எளியவர் மட்டுமல்லர். 1957இல் ஆட்சியை ஒப்படைக்குமுன் கோலாலம்பூரிலிருந்து ஐந்து பாரவண்டிகள் நிறைய மறைபொருள் கோப்புகள் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள எரியுலையில் அழிக்கப்பட்டன என்பது பின்னாளில் வெளிவந்த அரசுத் தாள்களால் தெரியவருகிறது. எரிக்கப்படாமல் இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டவை அரை நூற்றாண்டுக்கு மேல் மறைத்துவைக்கப்பட்டு, 2012 முதல்தான் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்சிஓ 141 என்னும் வரிசையில் திறக்கப்பட்டன. தொழிலாளி அச்சத்தால் எரித்தான். ஆட்சியாளன் மானங்கருதி எரித்தான். இரண்டு சாம்பலுக்கும் இடையில் மிஞ்சியதைக் கொண்டே நாம் எழுத வேண்டியிருக்கிறது.

மிஞ்சியவை எவை? முதலாவது, காவல்துறையும் உளவுத்துறையும் சேர்த்தவை. 1946 முதல் 1948 வரை இயங்கிய மலாயாப் பாதுகாப்புத் துறை, அரசியல் உளவு இதழ் என்ற பெயரில் இரகசிய வெளியீடு ஒன்றை நடத்தியது. அதன் படிகள் ஆக்ஸ்போர்டில் உள்ளன. இந்தியர் தொடர்பான செய்திகள் அதில் தனியே இடம்பெறும். யார் எந்தத் தோட்டத்தில் என்ன பேசினார், எந்தத் தமிழ் இதழ் என்ன எழுதியது என்பனவெல்லாம் ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும். நாம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளில், பென்சில் மட்டுமே அனுமதிக்கப்படும் வாசிப்பறைகளில் அமர்ந்து, நம் ஊர்த் தோட்டங்களின் பெயர்களை ஆங்கில எழுத்துப்பிழைகளுடன் படித்தது நினைவுக்கு வருகிறது. ஒரே மனிதர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். மூவர் ஒருவராக்கப்பட்டிருப்பர். தமிழரின் பெயரில் முன்னெழுத்து தந்தையுடையது என்பதையறியாத எழுத்தர், தந்தையையே தேடப்படுபவராக்கிவிடுவதும் உண்டு.

இத்தகைய பதிவுகளில் ஒருவர் எச்சொல்லால் குறிக்கப்படுகிறார் என்பதும் நோக்கத்தக்கது. 1952 வரை போராளிகளுக்கு அரசு வழங்கிய சொல் கொள்ளையர் என்பது. அவ்வாண்டு மே மாதம் முதல் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி என்பது ஆணைப்படி வழக்குக்கு வந்தது. ஆகவே கணபதி இறந்தபோது அவர் எந்த அடுக்கில் வைக்கப்பட்டார் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர், தொழிற்சங்கம் என்னும் தலைப்பில் மட்டும் தேடிப் பயனில்லை. கொள்ளையர் என்னும் தலைப்பிலும் தேட வேண்டும். சங்கத் தலைவராக ஒரு கோப்பில் வாழ்ந்தவர் கொள்ளையராக இன்னொரு கோப்பில் இறந்திருப்பார்.

இரண்டாவது, நீதிமன்றத் தாள். தாம் கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாகக் கணபதி தரப்பில் கூறப்பட்டது என்பர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மேல்முறையீடும் கருணை வேண்டுகோளும் பயன்படவில்லை. இதனோடு ஒப்பிடத்தக்கது, அதே காலத்தில் ஜொகூரில் நடந்த சம்பாசிவம் வழக்கு. அவர்மீது துப்பாக்கி வைத்திருந்தமை, தோட்டாக்கள் வைத்திருந்தமை என இரு குற்றச்சாட்டுகள். தோட்டா பற்றிய குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்றார். துப்பாக்கி பற்றி மறுவிசாரணை நடந்தபோது, இரண்டையும் ஒப்புக்கொண்டதாக அமைந்த ஒரு வாக்குமூலம் அவருக்கு எதிராக வைக்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தண்டனையை நீக்கியது. ஒருமுறை விடுதலையான குற்றச்சாட்டைப் பொறுத்தவரை அத்தீர்ப்பே பின்வரும் விசாரணையையும் கட்டுப்படுத்தும், அவ்வாக்குமூலத்தின் ஒரு பாதி ஏற்கெனவே பொய்த்துப்போனது என்பதை உதவி நடுவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டின் மேல்முறையீட்டு வழக்குத் தொகுதியில் 458ஆம் பக்கத்தில் தொடங்கும் அத்தீர்ப்பு, காமன்வெல்த் நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. சட்ட மாணவர் பலர் சம்பாசிவம் என்னும் பெயரை அறிவர். அவர் மலாயாத் தமிழர் என்பதை அறிந்தவர் அவர்களுள் சிலரே. ஒரே விதத் தாள் ஒருவரைக் காத்து நூலில் நிறுத்தியது. மற்றவருக்கு அது உதவவில்லை.

மூன்றாவது, அரசுகளுக்கிடையே சென்ற தாள். கணபதியின் தண்டனையைக் குறைக்குமாறு இந்திய அரசு வேண்டிற்று. மலாயாவில் இந்திய அரசின் பேராளராயிருந்தவர் ஜான் திவி. மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவராக இருந்தவர் அவர். அந்த ஏப்ரல் மாதத்தில்தான் நேரு இலண்டனில் காமன்வெல்த் தலைமையமைச்சர் மாநாட்டில் அமர்ந்திருந்தார். குடியரசான பின்னும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கலாம் என்னும் இலண்டன் பிரகடனம் வெளியானது ஏப்ரல் 28ஆம் நாள். அதற்கு ஆறாம் நாள் கணபதி தூக்கிலிடப்பட்டார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தாலன்றி, அவ்வேண்டுகோளின் வலிமையும் வலிமையின்மையும் விளங்கா. இப்பகுதித் தாள்களில் கணபதி பேசுவதே இல்லை. அவர் ஒரு பிரச்சினை. தீர்க்கப்படவேண்டியது அல்லது தாண்டிச் செல்லப்படவேண்டியது.

நான்காவது வகை சற்று எதிர்பாராதது. மேலே குறித்த டான் செங் லோக் தாள்களே அது. 1947இல் கூட்டு நடவடிக்கை மன்றமும் மலாய் அமைப்புகளின் கூட்டணியாகிய புத்ராவும் இணைந்து மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவுகளை உருவாக்கின. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. அவ்வியக்கத்தின் கடிதப் போக்குவரத்தும் தீர்மானங்களும் தலைவரிடம் சென்றன. அவர் அவற்றைப் பேணினார். 1949 பிப்ரவரியில் மலாயாச் சீனர் சங்கத்தைத் தோற்றுவித்தவராகவே அவரைப் பின்னாளில் நாடு நினைவிற்கொண்டது. ஆயினும் இடதுசாரிச் சங்கங்களின் குரலில் ஒரு பகுதி அவருடைய பெட்டிகளுக்குள் தங்கிவிட்டது. தாள் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்கும் என்னும் எளிய உண்மையை நம் மாணவர்களுக்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஓர் ஏழைத் தலைவரின் கடிதத்தைத் தேடுவோர், அவர் யாருக்கு எழுதினார் என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, கடல் கடந்து அச்சான சிறுநூல்கள். இலண்டனில் லிம் ஹோங் பீ நடத்திய மலாயன் மானிட்டர் போன்ற ஆங்கில ஏடுகள் ஒருபுறம். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி எழுதிய கயிற்றில் தொங்கிய கணபதி என்னும் சிறுநூல் மறுபுறம். 1949 செப்டம்பர் 17ஆம் நாள் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் காலச் சூழலில் வைத்துப் படிக்கவேண்டிய எழுத்து அது. அங்கே கணபதி கடல் கடந்த தமிழ் வீரர். இந்திய அரசின் தாளில் அவர் இந்தியக் குடிமகன். உலகத் தொழிற்சங்க இயக்கத்தின் தாளில் வர்க்கப் போராளி. மலாயா அரசின் தாளில் படைக்கலம் ஏந்திய குற்றவாளி. ஒவ்வொரு தாளும் தனக்கு வேண்டிய மனிதரை எடுத்துக்கொண்டது. இவற்றுள் எதுவும் முழுப்பொய் அன்று. ஆனால் மலாயாவின் பல இனத் தொழிலாளரும் ஒன்றுகூடிய சங்கத்தின் தலைவர் என்னும் உருவம்தான் இவற்றுள் மிக மங்கலாகத் தெரிகிறது. நம் மேடைகளில் தமிழ் மாவீரர் என்று அவரைப் போற்றும்போது, சீனத் தொழிலாளரும் மலாய்த் தொழிலாளரும் அவரைத் தலைவராக ஏற்றனர் என்பதை விட்டுவிடுகிறோம். அதுதான் அவர் வாழ்வின் அரிய செய்தி என்பது நம் கருத்து.

இனி மொழிபெயர்ப்பால் விளையும் இடரைக் கூறவேண்டும். இதில் நாமே தவறியுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன், மலாயாத் தமிழர் வரலாறு பற்றிய வகுப்புக்கென 1941ஆம் ஆண்டுச் சிலாங்கூர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளை ஒரு தாளில் தமிழில் தந்தோம். தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களின் வழிகாட்டலில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்தவை அவை. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கொடுமை செய்யும் அலுவலரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்தல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடையின்மை, பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலையை ஒழித்தல், குறை சொன்னவரைப் பழிவாங்காமை, பெண்தொழிலாளரிடம் முறைகேடாக நடத்தலை நிறுத்தல், சங்கம் அமைக்க இசைவு என நீளும் அப்பட்டியலில், ஐரோப்பிய நிருவாகிகளுக்கும் ஆசிய அலுவலர்களுக்கும் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் ஒன்று. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு நாடுகடத்தப்பட்டார். இந்தியப் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர்.

நமக்குக் கிடைத்தது அரசுக் கோப்பிலும் பின்னர் ஸ்டென்சன் முதலியோர் நூல்களிலும் உள்ள ஆங்கிலப் பட்டியல். அதனை நல்ல தமிழில் ஆக்கி, நாதன் அவர்களின் கோரிக்கைகள் என்று தலைப்பிட்டு, மேற்கோள் குறிக்குள் அச்சிட்டோம். மிதிவண்டியில் அமர்ந்தவாறே செல்லும் உரிமை என்பது நம் தொடர். தோட்டத்தில் வளர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, அக்காலத்தில் மிதிவண்டி என்று யார் ஐயா சொல்லியிருப்பார், சைக்கிள் என்றுதானே சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகுதான் அவ்வினா உறுத்தத் தொடங்கியது.

துரைமார்க்கும் தொழிலாளர் துறைக்கும் சென்றது ஆங்கிலத் தாள். பிரட்டுக்களத்திலும் கோயிலடியிலும் கூடிய கூட்டத்தில் பேசப்பட்டது தோட்டத்துத் தமிழ். ஆங்கிலப் பட்டியலில் கறுப்பு ஐரோப்பியர் என்று பொருள்படும் ஒரு தொடர் வருகிறது. பெண்களிடம் முறைகேடாக நடந்தோருள் வெள்ளையர்க்கு அடுத்து வைக்கப்படுவோர் அவர்கள். எந்தத் தமிழ்த் தொழிலாளியும் கறுப்பு ஐரோப்பியர் என்று சொல்லியிருக்க மாட்டார். கறுப்புத் துரை என்றாரா, கிராணி என்று ஆளையே சுட்டினாரா, அச்சில் ஏறாத வேறு சொல்லால் வைதாரா என்பது அப்பட்டியலுக்கு அடியில் புதைந்துவிட்டது. அச்சொல்லில்தான் சினத்தின் அளவு இருந்தது. நம் தாளோ அதனை இலக்கணத் தமிழால் ஒருமுறை கூடப் புதைத்தது.

சைக்கிள் பற்றிய கோரிக்கையும் அவ்வாறே. நகர வாசகருக்கு அது சிறு மரியாதைப் பிரச்சினையாகத் தோன்றலாம். தோட்டத் தொழிலாளிக்கோ சைக்கிள் கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய முதல் பெரிய உடைமை. அது அவரைத் தோட்ட வாயிலுக்கு வெளியே, பட்டணத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் கொண்டுசென்றது. செய்தித்தாளும் துண்டறிக்கையும் அதன் பின்னிருக்கையில்தான் பயணம் செய்தன. துரை எதிரில் வந்தால் இறங்கி நிற்கவேண்டும் என்பது, நீ போகும் வழியும் என்னுடையது என்று நாள்தோறும் சொல்லிக் காட்டும் செயல். அதனை மறுத்தவர்கள் கூலி உயர்வைக் கேட்ட அதே தாளில் அதனையும் எழுதியது தற்செயலன்று. போருக்குப் பின் கெடாவில் கள்ளுக்கடை மறியல் நடத்திய தொண்டர் படையினரும், கணபதியின் சம்மேளனத்தில் சேர்ந்த தோட்டச் சங்கத்தினரும் இந்த 1941ஆம் ஆண்டுப் பட்டியலின் வழிவந்தோரே எனலாம்.

படித்த வகுப்பினர்க்கு நேர்ந்தது வேறு. ஜேம்ஸ் புதுச்சேரி 1922இல் பிறந்தவர். இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்து இம்பால் போர்முனை கண்டவர். சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சோசலிசக் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1951, 1956, 1963 ஆகிய ஆண்டுகளில் மும்முறை கைதானவர். இரண்டாம் சிறைவாசத்தின்போது சாங்கியில் எழுதிய மலாயாப் பொருளாதாரத்தில் உடைமையும் கட்டுப்பாடும் பற்றிய ஆங்கில நூல் 1960இல் வெளிவந்து, இன்றும் பொருளியல் மாணவரால் படிக்கப்படுகிறது. அவருடைய சிறைக் கவிதைகளும் கட்டுரைகளும் 1998இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவருடைய தம்பியும் ஜோமோவும் பதிப்பித்த ஒரே தொகுதியாக வெளிவந்தன. அவர் மறைந்தது 2000இல். கணபதிக்கும் இவருக்கும் சிறை பொது, தேசிய இராணுவம் பொது, தொழிலாளர் பற்றிய கவலை பொது. ஆனால் ஒருவருக்கு ஆங்கிலம் இருந்தது, நூலகம் இருந்தது, எழுதியதைப் பதிப்பிக்கும் உறவும் நட்பும் இருந்தன, வாழ்நாளும் இருந்தது. காப்பகத்தின் அடுக்குகளில் காணப்படும் ஏற்றத்தாழ்வு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வேயாம்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடதுசாரிகளின் நினைவுநூல்கள் வரிசையாக வந்தன. சின் பெங் நூல் 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சம்சியா ஃபக்கே, ரஷீத் மைடின், அப்துல்லா சி.டி. ஆகியோர் மலாயில் எழுதினர். சீனத்திலும் பல வந்தன. 2007இல் ஃபாமி ரேசா எடுத்த ஆவணப்படம் 1947ஆம் ஆண்டு ஹர்த்தாலை இளைஞரிடம் கொண்டுசென்றது. தமிழில் இத்தகைய வரிசை உருவாகவில்லை. காரணம் தேடிச் செல்லவேண்டியதில்லை. அவசரகாலம் 1960இல் முடிந்தபோது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலேசியாவில் அது 2012இல்தான் நீக்கப்பட்டது. அந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் தாத்தா எந்தச் சங்கத்தில் இருந்தார் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லாதிருத்தலே அறிவுடைமை என்று பல வீடுகள் கருதின. அவ்வச்சத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆய்வாளர் என்று அறிமுகம் செய்துகொண்டு ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைப்பதும், அவ்வீட்டாருக்கு ஒருகாலத்தில் வந்த வேறு விருந்தினரை நினைவூட்டக்கூடும்.

இன்றும் மறைந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் மிகச் சிறியவை. சந்தாச் சீட்டு, உறுப்பினர் அட்டை, சங்க ஆண்டுவிழா மலர், தோட்டத்து வாசகசாலையின் இரவல் ஏடு, இரங்கல் கூட்ட அறிவிப்பு, நிழற்படத்தின் பின்னால் எழுதிய பெயர்கள். முதியவர் ஒருவர் மறைந்தபின் வீட்டைத் துப்புரவு செய்கையில் முதலில் குப்பைக்குப் போவன இவையே. தமிழாசிரியர்களுக்கு இவை மற்றவரைவிட முன்னதாகக் கண்ணில் படும். மாணவர் வழியாக அவ்வீடுகளுக்குள் செல்லும் உரிமை உடையோர் அவர்கள். அத்தகைய தாள் கிடைக்கும்போது செய்யத்தக்கவை எளியனவே. கட்டு எந்த வரிசையில் இருந்ததோ அவ்வரிசையைக் கலைத்தல் ஆகாது. ஏனெனில் எதனோடு எது இருந்தது என்பதும் செய்தி. ஒட்டுநாடா ஒட்டுதலும் பிளாஸ்டிக் உறையிட்டு உருக்குதலும் கூடா. யாரிடம், எந்தத் தோட்டத்தில், எப்போது கிடைத்தது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டாரிடமே விட்டுவிடுதல் பல வேளைகளில் நலம். எழுத்துப்பிழைகளைத் திருத்துவதோ முற்றிலும் தவிர்க்கவேண்டியது. பிழையாக எழுதப்பட்ட கொம்யுனிஸ்டும் யூனியனும், அச்சொற்கள் எந்த வாயில் எவ்வாறு ஒலித்தன என்பதற்குச் சான்று.

புடு சிறை 1996இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. நுழைவாயிலை மட்டும் விட்டுவைத்து, அந்நிலத்தில் இப்போது வணிக வளாகம் எழுந்துள்ளது. வகுப்புக்குத் தரும் அந்த 1941ஆம் ஆண்டுத் தாளை நாம் மாற்றிவிட்டோம். மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு, அரசுக் கோப்பின் ஆங்கிலப் பட்டியலிலிருந்து நம்மால் பெயர்க்கப்பட்டது என்று மேலே எழுதியுள்ளோம். மிதிவண்டி சைக்கிளாயிற்று. கறுப்பு ஐரோப்பியர் என்னும் தொடர் வரும் இடத்தில் ஒரு வரியளவு வெற்றிடம் விட்டு, தங்கள் வீட்டு முதியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டு எழுதிவருமாறு மாணவர்களிடம் சொல்கிறோம். இதுவரை வந்த விடைகளுள் சிலவற்றை இவ்விதழில் அச்சிட இயலாது.